கிரகணத்துக்கு முன்பே உருவான முகம்

மகனே,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களையும் நீ பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டாய். கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பில் உன் லைன் வீட்டுக்கு நேரில் வந்தேன். முன்வாசலில் நான் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, நீ பின்வாசல் வழியாக சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். போகிற அவசரத்தில் மணி வேறு தவறி அடித்தது. ஆகவே நீ வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கும் இந்தப் பத்திரிகைக்கே எழுதி அனுப்புகிறேன். யார் பெயரும் இல்லாமல் வெளியிடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டால் என்ன, இரண்டாவது வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பத்திரிகையை அப்படியே மடித்துத் திருப்பி அனுப்ப உனக்கு முகவரி கிடையாது.

ஊர் உலகம் படிக்கப் போவதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ தங்கச் சுரங்கத்தில் சர்வே ஆபீஸில் வேலை பார்ப்பவன். உன் மனைவி மாரிகுப்பத்துப் பெண். அவள் அப்பா சுரங்கத்துக்குள் காலமெல்லாம் உழைத்து, இன்று நுரையீரலில் தூசியோடு இருமிக்கொண்டிருக்கும் மனிதர். முதல் பிரசவத்துக்கு அவள் தாய்வீடு போனாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூக்குக்குக் கீழே மேலுதடு ஒரு பக்கமாகப் பிளந்திருந்தது. அண்ணம் நன்றாக இருந்தது, அழுகை நன்றாக இருந்தது, கை கால் எல்லாம் நன்றாக இருந்தன. நீ ஒருமுறை வந்து பார்த்தாய். பிறகு அவளையும் குழந்தையையும் அழைத்துவர நீ போகவே இல்லை. “இனிமே அனுப்ப வேணாம்” என்று அவள் அப்பாவிடம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாய். இப்போது உன் பெரியம்மா, ஆண்டர்சன்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் உன் பெரியப்பாவின் மனைவி, குடியாத்தத்தில் உனக்கு வேறு பெண் பார்த்திருக்கிறார். தை மாதத்தில் முகூர்த்தமாம். நாலு பெரியவர்களை உட்கார வைத்து முதல் கல்யாணத்தைத் தீர்த்துவிடலாமாம். சட்டம் இப்படியெல்லாம் தீர்க்க விடுவதில்லை என்பதை யாராவது அந்த நாலு பேருக்கும் சொன்னால் தேவலை.

இந்த மாதிரிக் கடிதங்களில், பெற்றவள் முதலில் தான் செய்த தவறுகளை எல்லாம் வரிசையாக ஒப்புக்கொண்டு, கண்ணீர் விட்டு, அதற்குப் பிறகுதான் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் அதைச் செய்யப் போவதில்லை. உன் அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தேன், வேலையில் சேர்த்தேன், நீ கைகாட்டிய பெண்ணையே கட்டி வைத்தேன். இதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்து அலுத்துவிட்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பார்வையாளர் நேரம். கட்டிலில் உன் மனைவி படுத்திருக்கிறாள், பக்கத்தில் குழந்தை. கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் உன் பெரியம்மா, கால்மாட்டில் நீ. உன் பெரியம்மா துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் கையை உதறிக்கொண்டார்.

“நான் அன்னிக்கே சொன்னேன். மாசமா இருக்கிறவ கிரகணத்துல அரிவாள்மணைல குந்தினா கொழந்தைக்கு வாய் கிழியாம இன்னா ஆவும்? உங்க லைன்ல பக்கத்து ஊட்டுக்காரி கண்ணால பார்த்துட்டு வந்து எங்கிட்ட சொன்னா. இவ கத்திரிக்கா அரிஞ்சிக்கினு இருந்தாளாம்!”

“அக்கா, அது அஞ்சாம் மாசம். உதடெல்லாம் ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சிடும்” என்றேன்.

“நீ படிச்சவ. உனுக்கு எல்லாம் தெரியும். படிச்சவ பேச்சைக் கேட்டுத்தான் இந்த ஊடு இந்த லட்சணத்துல இருக்குது.”

உன் மனைவி உன்னைப் பார்த்தாள். நான் அவள் பார்த்த திசையைப் பார்த்தேன். நீ ஜன்னல் வழியாக, வெளியே சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மேட்டில் பார்க்க என்ன இருக்கிறது? தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டுக் கொட்டிய மண். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

உனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. பெண்கள் பள்ளியில் நான் விஞ்ஞானம் எடுப்பவள். கரு வளரும் பாடத்தைப் புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டி ஒப்பேற்றப் பிடிக்காமல், லைன் வீடுகளில் கோழி வளர்க்கும் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பேன். அடைகாக்கும் கோழிக்குக் கீழே ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையாக வைத்து, ஓட்டின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார்கள். பிறகு எல்லா முட்டைகளையும் சூடான தவிட்டில் புதைத்து, ஒரே நாளில் கூடையில் கொண்டுவருவார்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாக உடைப்பேன். நேற்று வைத்தது, முந்தாநாள் வைத்தது என்று வரிசையாகப் பார்த்தால், ஓர் உயிர் உருவாகும் வழி முழுக்கக் கண்முன்னே கிடக்கும். நீ பி.யு.சி. படித்தபோது கல்லூரி விடுமுறையில் என்னோடு வந்து பீங்கான் கிண்ணம் பிடித்தவன்.

முதல் முட்டையில் மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும்தான் இருக்கும். சேவலின் அணுவும் கோழியின் அணுவும் சேர்ந்த ஒரே ஒரு செல் இரண்டாகி, நாலாகி, எட்டாகி, எண்ண முடியாமல் பெருகி வந்து நிற்கும் இடம் அது. அடுத்த முட்டையில் அந்தப் புள்ளி நீண்டு ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் வழியாகச் செல்கள் உள்ளே இறங்கி மூன்று அடுக்காகப் பிரிகின்றன. மேல் அடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்பும். நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் இரத்தமும். கீழ் அடுக்கிலிருந்து குடலும் ஈரலும். மேல் அடுக்கு நடுவில் பள்ளமாகி, இரண்டு ஓரமும் எழும்பி, ஒன்றையொன்று நோக்கி வளைந்து வந்து சேர்ந்து குழாயாகிறது. முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பு அப்படித்தான் பிறக்கிறது. அதற்கடுத்த முட்டையை உடைத்தபோது நடுவே சிவப்பாக ஒன்று துடித்தது. நீ கிண்ணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாய்: “இன்னாம்மா இது, இன்னும் மூஞ்சியே வரல, அதுக்குள்ள நெஞ்சு துடிக்குது?” பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான் அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என் பிள்ளைக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தேன்.

மனிதக் குழந்தையும் இதே வரிசையில்தான் வருகிறது. வேகம்தான் வேறு. உள்ளே இதயம் துடிக்க ஆரம்பிக்கும்போது, தாய்க்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது மாதத்தில் முகம் வருகிறது. அது ஒரே துண்டாக வருவதில்லை. நெற்றிப் பக்கமிருந்து ஒரு துண்டு கீழே இறங்குகிறது. மூக்கும், மூக்குக்குக் கீழே உள்ள சின்னப் பள்ளமும் அதிலிருந்து வருபவை. இரண்டு கன்னப் பக்கமிருந்தும் ஒவ்வொரு துண்டு நடுவை நோக்கி வளர்கிறது. நாசித் துவாரங்களுக்குக் கீழே அவை தொட்டு, ஒட்டி, ஒன்றாகின்றன. அதற்குப் பெயர்தான் மேலுதடு. ஏதோ காரணத்தால் ஒரு பக்கம் வர வேண்டிய நேரத்தில் வந்து தொடாவிட்டால், அந்த இடைவெளி அப்படியே நின்றுவிடுகிறது. எதுவும் கிழியவில்லை. யாரும் வெட்டவில்லை. சேர வேண்டியது சேரவில்லை, அவ்வளவுதான். ஒட்டுவதற்கு முந்தைய அந்தச் சில நாட்களில் எல்லோருக்கும் அந்த இடைவெளி இருந்தது. உனக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது, கையை உதறிக்கொண்ட உன் பெரியம்மாவுக்கும் இருந்தது.

இதை உனக்கு உன் தொழிலை வைத்தே சொல்கிறேன். சுரங்கத்துக்கு அடியில் செங்குத்தாக இறங்கும் இரண்டு ஷாஃப்ட்டிலிருந்து ஒரே ஆழத்தில் எதிரெதிராகக் குடைந்துகொண்டு வருவீர்கள். நடுவில் பாறை. இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்து ஆள் தெரியாது. நீங்கள் போட்ட கணக்கை நம்பித்தான் வருவார்கள். முதல்முறை நீ அளந்து கொடுத்த வழி சேர்ந்த அன்று, உடம்பெல்லாம் புழுதியோடு நேராக என்னிடம் ஓடிவந்தாய். “ரெண்டு பக்கமும் சேர்ந்துடுச்சிம்மா! அந்தாண்ட இருக்கிறவன் விளக்கு தெரிஞ்சுதும்மா!” என்று கத்தினாய். ஒருவேளை அது சேராமல் தள்ளிப் போயிருந்தால் உங்கள் ஆபீஸில் என்ன செய்திருப்பார்கள்? எந்த இடத்தில் எந்த நாளில் விலகியது என்று பார்த்திருப்பார்கள். அது முடிந்து பல மாதம் கழித்து மேலே யாரோ கத்திரிக்காய் அரிந்ததால்தான் கீழே வழி கோணிவிட்டது என்று உன் பெரியம்மா வந்து சொல்லியிருந்தால், நீ சிரித்திருப்பாய். பூமிக்கு அடியில் இருக்கும் அறிவு வீட்டுக்கு வந்ததும் எங்கே போகிறது? மேலே ஏற்றிவரும் கேஜ் கூண்டை விட்டு இறங்கும்போது விளக்கோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டு வருகிறாயா?

கிரகணம் வந்தபோது உன் மகளுக்கு முகம் முடிந்து வெகுநாளாகியிருந்தது. விரல்கள் பிரிந்திருந்தன. நகம் வந்துகொண்டிருந்தது. உள்ளே புரண்டு உதைத்துக்கொண்டிருந்தாள். உதட்டில் அந்த இடைவெளியும் அப்போதே இருந்தது. உன் மனைவி அரிவாள்மணையில் உட்கார்ந்தாலும், கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் அவள் இதே முகத்தோடுதான் பிறந்திருப்பாள். அப்படியானால் எதனால் வந்தது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. குழந்தையைக் காட்டப் போனபோது வேலூர் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “சில குடும்பங்கள்ல வழிவழியா வரும், சிலருக்கு ஏன் வருதுன்னே சொல்ல முடியாது. அம்மா செஞ்சதுன்னு மட்டும் யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க” என்றார். உன்னைத்தான் அனுப்ப ஆசை. நீ வர வேண்டுமே.

இனிமேல் எழுதப்போவது உனக்கும் உன் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது. நான் போன வாரம் மாரிகுப்பம் போயிருந்தேன். அவள் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடையில் துளித்துளியாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பிளந்த உதட்டால் மார்பைப் பற்றிக் குடிக்க முடியவில்லை. ஒரு பாலாடைப் பால் இறங்க அரைமணி நேரம் ஆகிறது, பாதி கழுத்தில் வழிகிறது. மூலையில் அவள் அப்பா இருமுகிறார். கிரகணத்தன்று என்னதான் நடந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“அவரு ஷிஃப்ட் முடிச்சி வந்தாரு அத்தே. காலைலேர்ந்து ஒன்னும் துன்னலன்னாரு. கிரகணம் வுடட்டும், அப்பால அடுப்பு மூட்றேன்னேன். கிரகணமாவது மண்ணாங்கட்டியாவது, எழுந்து கத்திரிக்கா அரிஞ்சி கொழம்பு வையின்னாரு. எனுக்குக் கோவமே வரல அத்தே. நம்ம ஊட்டுக்காரரு இந்த மாரி எல்லாம் நம்பாத ஆளுன்னு அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சி.”

குழந்தையின் கழுத்தில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே, “இத அவருகிட்ட கேட்டுடாதீங்க அத்தே, பெரியம்மா காதுல வுழுந்தா அவரத்தான் திட்டுவாங்க” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அதனால் அவளுக்குக் கொடுத்த வாக்கு எதையும் இங்கே மீறவில்லை.

மகனே, கணக்குத் தெரிந்தவன் நீ, கணக்காகவே பார். கிரகணத்தில் காய் அரிந்தால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்பது உண்மையானால், அரியச் சொன்னவன் நீ. அது பொய்யானால் யார் மேலும் குற்றமில்லை. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் அவள் மேல் ஒன்றும் இல்லை. ஆனால் தண்டனை அவளுக்கு. குழம்பு உன் வயிற்றுக்குப் போயிற்று, பழி அவள் தலைக்குப் போயிற்று. நீ ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இதை எழுதும்போது எனக்கு உடம்பு எரிகிறது. உன்னைப் பெற்ற வயிறு என்று ஊரில் சொல்வார்களே, அப்படி யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இருக்கிறது.

நீ ஏன் ஓடுகிறாய் என்றும் யோசித்துப் பார்த்தேன். நீ உண்மையில் பெரியம்மாவை நம்புகிறாய். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதைக் கேட்ட நிமிஷத்தில், என் பசியால்தான் என் பிள்ளைக்கு வாய் போயிற்று என்று உனக்குள் அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பயத்தில்தான் குழந்தை முகத்தை இரண்டாம் தடவை பார்க்க உன்னால் முடியவில்லை. இது சரியாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ செய்யவில்லை. உன் பசி செய்யவில்லை. அந்தக் குழம்பு செய்யவில்லை. உன் மகளின் உதட்டுக்கு நீ பொறுப்பே இல்லை. அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடு. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காமல் நின்றாயே, அதற்கு மட்டும் நீதான் பொறுப்பு. அதை எந்த விஞ்ஞானப் புத்தகத்தை வைத்தும் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது.

உன் பெரியம்மா குடியாத்தத்துக்காரர்களிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்பதும் என் காதுக்கு வந்தது. முதல் மனைவி வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னாராம். குழந்தை பிறந்ததையே சொல்லவில்லையாம். அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு நான் தனியாக எழுதவில்லை. அவரும் இந்தப் பத்திரிகையை வாங்குபவர் என்று கேள்வி. ஐயா, கோரமண்டலில் சர்வே ஆபீஸில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்று உங்களுக்குச் சொன்னார்களே, அவன்தான் இவன். நான் அவனைப் பெற்றவள். உங்கள் பெண்ணும் ஒருநாள் பிள்ளை சுமப்பாள். அன்றைக்கு என்ன பழி வந்தாலும் இவன் வாய் திறக்க மாட்டான். விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்படி அச்சில் போட்டு அவமானப்படுத்திவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்திலாவது நேரில் வந்து கேள். பின்வாசல் வழியாகப் போகிற பிள்ளையைவிட முன்வாசலில் வந்து சண்டை போடுகிற பிள்ளை எனக்கு ஆயிரம் பங்கு மேல்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். குழந்தைக்குக் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏறிவிட்டது. தாயும் பாலாடையும் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் வேலூரில் ஆபரேஷன். நான் லீவு போட்டுவிட்டேன், மாரிகுப்பத்தில் ரயில் ஏறி மூன்று பேரும் போகிறோம். தைத்துவிட்டால் மெல்லிய தழும்பு ஒன்று மட்டும் இருக்குமாம், வளர வளர அதுவும் மங்கிவிடுமாம். அதற்குப் பிறகு பெரியம்மாவே கொஞ்ச வருவார். அப்போது நீயும் பொம்மை வாங்கிக்கொண்டு வந்து நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அப்போது வராதே. கதவைத் திறக்க மாட்டேன்.

உன் மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆள் முகம் பார்த்துச் சிரிக்கிறாள். உதடு பிளந்திருப்பதால் சிரிக்கும்போது அந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது, ஈறு தெரிகிறது. தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீ வராத வீடு என்றும் தெரியாது. யார் குனிந்து பார்த்தாலும் அப்படியே சிரிக்கிறாள். வருவதாக இருந்தால் தையல் போடுவதற்கு முன்னால் வா. வந்து, அந்தச் சிரிப்பை நேருக்கு நேர் பார்.

அம்மா